மருத்துவர் பதில்: 34 வயதில் தெரியவந்த ஆட்டிசம்

"இத்தனை நாள் நான் என்று நினைத்திருந்தது எல்லாம் நோய்தானா?" என்று காரைக்குடியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். இல்லை. ஆட்டிசம் உங்களுக்கு 34 வயதில் வந்துவிடவில்லை; பிறவியிலேயே உங்கள் மூளை அமைந்த விதத்துக்கு மதுரையில் நீங்கள் பார்த்த மனநல மருத்துவர் இப்போது பெயர் சொல்லியிருக்கிறார். வங்கிக் கணக்கில் பிறர் தவறவிடும் பிசகு உங்கள் கண்ணில் படுவதும், முன்னோரைக் கும்பிடும் படைப்பு வீட்டில் பங்காளிகள் எல்லோரும் கூடிப் பேசும் இரைச்சல் தாங்காமல் இரண்டாங்கட்டுக்குப் போய் உட்கார்ந்துவிடுவதும் அந்த ஓர் அமைப்பிலிருந்தே வருகின்றன. அதற்காக நீங்கள் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

தடுப்பூசியால் ஆட்டிசம் வரும் என்ற கதையை விட்டுவிடுங்கள். 1998இல் அந்தப் பீதியைக் கிளப்பிய கட்டுரையை, வெளியிட்ட இதழே 2010இல் திரும்பப் பெற்றுவிட்டது. கோதுமையை நிறுத்துவதால் ஆட்டிசம் மாறாது. உடலில் சேர்ந்த உலோகத்தை வெளியேற்றும் என்று யூடியூபில் விற்கும் சொட்டு மருந்தைத் தொடவே தொடாதீர்கள்.

என்னைக் கவலைப்படுத்துவது, கடிதத்தின் முடிவில் போகிறபோக்கில் நீங்கள் எழுதியிருப்பதுதான். பள்ளி நாள் முதல் தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் வடிவங்களைக் கட்டம் போட்ட நோட்டில் வண்ணப் பென்சிலால் வரைந்து, எந்த ஊரில், யார் வீட்டு வளவில் கண்டது என்று ஓரத்தில் குறித்து வந்த நீங்கள், மூன்று மாதமாக அந்த நோட்டைத் திறக்கவே இல்லை. தூக்கமும் இல்லை. "நான் இல்லாவிட்டால் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி" என்ற வரியும் அங்கேதான் இருக்கிறது. ஆட்டிசம் உள்ள பலருக்கு மனச்சோர்வு முகத்தில் தெரியாது, அழுகையாகவும் வராது. உயிராக நேசித்த ஒன்று திடீரென்று கசந்துபோவதுதான் பல நேரங்களில் முதல் அறிகுறி. வீட்டாரோ, "நல்லவேளை, அந்தப் பைத்தியம் விட்டது" என்று மகிழ்ந்துவிடுவார்கள். பிறர் எதிர்பார்க்கிறபடி சிரித்து, கண்ணைப் பார்த்துப் பேசி, இயல்பை மறைத்தே ஆண்டுக்கணக்கில் வாழ்கிறவர்களுக்கு இந்தச் சோர்வும் தற்கொலை எண்ணமும் வரும் அபாயம் மற்றவர்களைவிட அதிகம் என்பதால், இதைத் தள்ளிப்போட வேண்டாம். இந்த வாரமே அதே மருத்துவரைப் பாருங்கள். நேரில் வாய் வரவில்லையென்றால், எனக்கு எழுதிய வரிகளையே எழுதிக் கொடுங்கள். அதற்குள் அந்த எண்ணம் மேலெழுந்தால், இரவானாலும் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸை 14416இல் அழையுங்கள். தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

பதற்றத்தைத் தணிக்கத் தரும் அல்பிரசோலம் மாத்திரையை மருந்துச் சீட்டு இல்லாமல் வாங்கித் தினமும் விழுங்கியது பெரும் தவறு. அதைக் கொடுத்த மருந்துக்கடைக்காரர் செய்தது அதைவிடப் பெரிய தவறு. அதற்காக நீங்களாகவே ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள், வலிப்புகூட வரலாம். மருத்துவர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். மனச்சோர்வுக்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. ஆட்டிசத்தை மாற்றும் மாத்திரை கிடையாது. அப்படி ஒன்று உங்களுக்குத் தேவையும் இல்லை.

அலுவலகத்தில் சொல்லியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் இடம்பெற்றிருப்பதால், சான்றிதழ் பெற்ற பின் இரைச்சல் குறைந்த இருக்கையை உரிமையோடு கேட்கலாம். படைப்புக்குப் போய்ச் சாமி கும்பிட்டுவிட்டு ஒரு மணி நேரத்தில் திரும்பினால் குறைவு ஒன்றும் வந்துவிடாது. ஊர் முழுக்க விளக்கிக்கொண்டிருக்காமல், உங்களைப் புரிந்துகொள்கிறவர் என்று எழுதியிருக்கும் அக்காவிடம் முதலில் சொல்லுங்கள். மதுரைக்கு அவரையே துணைக்கு அழைத்துச் செல்லுங்கள், மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.