எட்டு லட்சம் கொடுத்தால் வாடகையே இல்லை என்கிறார் தரகர். நம்பலாமா?

கேள்வி: மன்னார்குடி பக்கம் கிராமம் எங்களுக்கு. மகளுக்குச் சென்னை சோழிங்கநல்லூரில் ஐ.டி. வேலை கிடைத்திருக்கிறது. ஆடி முதல் வாரம் சேர வேண்டும். அவளும் கூடவே வேலைக்குச் சேரும் கல்லூரித் தோழியும் சேர்ந்து தங்குவதாகத் திட்டம். மேடவாக்கம் பக்கம் இரண்டு பெட்ரூம் வீட்டுக்கு வாடகை 18,000, அட்வான்ஸ் ஒரு லட்சத்துக்கு மேல் கேட்கிறார்கள். ஒரு தரகர் அதே மாதிரி வீட்டை 8 லட்சத்துக்கு லீஸில் முடித்துத் தருகிறேன் என்கிறார். மூன்று வருஷம் வாடகை கிடையாது, காலி செய்யும்போது முழுப் பணமும் திரும்ப வருமாம். மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த பணம் பேங்கில் இருக்கிறது. "நம்ம ஊர் போக்கியம் மாதிரிதானே, கொடுத்துடலாம்" என்கிறார் என் கணவர். கல்யாணமாகாத பெண்களுக்கு வீடு இல்லை என்று இரண்டு இடத்தில் சொல்லிவிட்டார்கள். ஆடியில் புது வீட்டுக்குக் குடிபோகவே கூடாது என்கிறார் மாமியார். ஒன்றும் புரியவில்லை. நீங்கள்தான் வழி சொல்ல வேண்டும்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரி, முதலில் மகளுக்கு என் வாழ்த்துகள். அந்த 8 லட்சத்தைத் தொடாதீர்கள். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

உங்கள் கணவர் போக்கியத்தோடு ஒப்பிட்டது இயல்பு. நம் பக்கம் நிலத்தைப் போக்கியத்துக்கு வாங்குகிறவருக்கு நிலத்துக்காரரைத் தெரியும், அவருடைய அப்பாவைத் தெரியும், வரப்பு எங்கே இருக்கிறது என்பது ஊருக்கே தெரியும். எழுதிய காகிதத்தில் குறை இருந்தாலும் ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் கூடிப் பேசிவிடலாம். மேடவாக்கத்தில் மூன்றாவது மாடியில் இருக்கும் ஒரு ஃப்ளாட் யாருடையது என்று எதிர்வீட்டுக்காரருக்கே தெரியாமல் இருக்கலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 18,000 என்றால் வருஷத்துக்கு 2,16,000 ரூபாய் வாடகை. அதை விட்டுக்கொடுத்துவிட்டு ஒருவர் உங்களிடம் 8 லட்சம் வாங்குகிறார் என்றால், அந்தப் பணத்துக்கு வருஷத்துக்கு 27 சதவீதம் வட்டி கட்டுகிறார் என்றுதான் பொருள். ஊர் வழக்கில் சொன்னால் மாதம் நூற்றுக்கு இரண்டேகால் வட்டி. பேங்கில் நகையை வைத்தால் இதில் பாதி வட்டிகூட ஆகாது. அப்படியிருக்க இவ்வளவு வட்டிக்கு ஏன் வாங்க வேண்டும்? பேங்க் கைவிட்டவராக இருக்கலாம். வீட்டின் மேலேயே பெரிய கடன் இருந்து, தவணை கட்ட முடியாமல் திணறுகிறவராக இருக்கலாம். அந்தக் கடன் நின்றுபோனால் பேங்க் வீட்டைக் கையகப்படுத்தும். உள்ளே குடியிருக்கும் உங்கள் மகள் வெளியே வர வேண்டியதுதான். பணத்துக்கு அந்த உரிமையாளர் பின்னால் நீங்கள் அலைய வேண்டும்.

இதைவிட மோசமான இன்னொன்றும் சென்னையில் நடந்திருக்கிறது. இடையில் ஒருவர் உரிமையாளரிடம் மாத வாடகைக்கு வீட்டை எடுக்கிறார். அதே வீட்டை வேறு குடும்பத்துக்கு லீஸில் விட்டு லட்சக்கணக்கில் வாங்கிக்கொள்கிறார். சில மாதம் உரிமையாளருக்கு வாடகை ஒழுங்காகப் போகும், பிறகு ஆளைக் காணோம். வாடகை வரவில்லையே என்று கேட்டு உரிமையாளர் கதவைத் தட்டும்போதுதான் குடியிருப்பவர்களுக்கே விஷயம் தெரியும். உங்கள் கடிதத்தில் தரகர் வருகிறார், வீட்டு உரிமையாளரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதைப் படித்ததும் எனக்குத் திக்கென்றது.

லீஸுக்கு விடுகிறவர்கள் எல்லோருமே ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்லவில்லை. சொந்தத்தில், நன்றாகத் தெரிந்த இடத்தில் என்றால் பார்க்கலாம். அப்போதும் உரிமையாளரை நேரில் பார்க்க வேண்டும், பத்திரத்தைப் பார்க்க வேண்டும், பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் போட்டுப் பார்க்க வேண்டும். பத்திரத்தை பேங்கில் வைத்துக் கடன் வாங்கியதைப் பதிவு செய்திருந்தால் அதில் தெரிந்துவிடும். மூன்று வருஷ லீஸைக் கட்டாயம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தாக வேண்டும். பதிவு வேண்டாம், ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

பணம் பேங்கிலேயே இருக்கட்டும். ஆறரை சதவீதம் வட்டி என்று வைத்துக்கொண்டாலும் வருஷத்துக்கு 52,000 வரும். தோழியோடு பங்கு போட்டால் உங்கள் மகளுக்கு மாதம் 9,000தான் வாடகை. அதில் கிட்டத்தட்ட பாதி அந்த வட்டியிலேயே கழிந்துவிடும், முதல் அப்படியே இருக்கும்.

அட்வான்ஸ் பற்றி. வாடகைக்கான புதிய சட்டம் 2019 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்கிறது. உங்களுக்கு 54,000. ஆனால் இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்டு கூடுதலாக வைத்துக்கொள்ளவும் அதே சட்டம் இடம் கொடுக்கிறது. அதனால்தான் ஆறு மாதம், பத்து மாதம் என்று இன்னும் கேட்கிறார்கள். சட்டத்தைச் சொல்லிப் பேசிக் குறையுங்கள், தயங்க வேண்டாம். காலி செய்த ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது. பெயின்டிங் என்று சொல்லி ஒரு மாத வாடகையைப் பிடிப்பது சென்னை வழக்கம். அதைப் பிடிப்பார்களா, எவ்வளவு என்பதை முதலிலேயே ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். ஒப்பந்தத்தை அரசின் வாடகை இணையதளத்தில் பதிந்து எண் வாங்கிவிட வேண்டும். பெண்கள் இருவர் பெயரும் அதில் இருக்கட்டும்.

வீடு பார்க்க உங்கள் கணவரைக் கட்டாயம் கூட்டிப்போங்கள். தண்ணீர் எங்கே தேங்கும், எங்கே வடியும் என்று வயலில் இறங்கிப் பழகிய கண்ணுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. மேடவாக்கத்துக்கும் சோழிங்கநல்லூருக்கும் பக்கத்தில்தான் பள்ளிக்கரணை சதுப்பு நிலம். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அந்தச் சுற்றுவட்டாரத்தில் பல தெருக்களில் தண்ணீர் நாள்கணக்கில் நின்றது. ரோட்டைப் போட்டுப் போட்டு உயர்த்தியதில் வாசற்படி தாழ்ந்துபோன வீடுகள் அங்கே நிறைய. காம்பவுண்டுச் சுவரில் தண்ணீர் நின்ற கறை தெரிகிறதா என்று பாருங்கள். தரைத்தளம் வேண்டாம்.

மழையில் அப்படி என்றால் சித்திரை வைகாசியில் அதே இடத்தில் லாரித் தண்ணீர். போர் தண்ணீர் உப்பா என்று உரிமையாளரைக் கேட்காதீர்கள். பாத்ரூம் குழாயின் வாயைப் பாருங்கள், வெள்ளையாகப் படிந்திருந்தால் தெரிந்துவிடும். கோடையில் லாரிக்காக மெயின்டனன்ஸ் எவ்வளவு ஏறும் என்பதை மாடிப்படியில் எதிர்ப்படும் பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேளுங்கள். அப்படியே கரண்ட் மீட்டர் வீட்டுக்கு வீடு தனியா என்றும் பாருங்கள். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது ஓர் இணைப்புக்குத்தான். நாலு வீட்டுக்கு ஒரே இணைப்பு என்றால் மொத்த யூனிட் ஏறி, கட்டணமும் மேல் படிக்குப் போய்விடும்.

மேடவாக்கம் நல்ல யோசனைதான். ஆபீஸ் ஒரு பக்கம், தாம்பரம் மறுபக்கம். மன்னார்குடி ரயிலான மன்னை எக்ஸ்பிரஸ் தாம்பரத்தில் நிற்கும். தஞ்சாவூர், கும்பகோணம் பஸ்களும் இப்போது தாம்பரத்தை அடுத்த கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தோடு நின்றுவிடுகின்றன. தீபாவளி, பொங்கலுக்கு மகள் ஊருக்கு வந்துபோக இந்தப் பக்கம்தான் சௌகரியம்.

கல்யாணமாகாத பெண்களுக்கு வீடில்லை என்று சொன்னவர்களை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. வாடகை ஒழுங்காகக் கட்டுவார்களா என்று கேட்பது நியாயம். என்ன ஜாதி, என்ன சாப்பிடுவீர்கள், ராத்திரி எத்தனை மணிக்கு வருவாய் என்று கேட்பதில் எந்த நியாயமும் இல்லை. இப்படிப்பட்ட வீட்டில் பொய் சொல்லி நுழைய வேண்டாம், தினம் தினம் பயந்துகொண்டு இருக்க நேரும். பெண்களுக்குத் தடையில்லாமல் விடுகிற வீடுகள் நிச்சயம் இருக்கின்றன, தேடக் கொஞ்சம் நாளாகும். அதுவரை முதல் மாதம் இருவரும் ஆபீஸ் பக்கத்தில் பெண்கள் விடுதியில் தங்கட்டும். கூட வேலை பார்க்கிறவர்கள் எங்கே இருக்கிறார்கள், ராத்திரி ஷிப்ட் முடிந்து வர எந்தத் தெரு நல்லது என்பதெல்லாம் அந்த ஒரு மாதத்தில் தெரிந்துவிடும்.

அப்படியே மாமியார் பேச்சையும் மீறியதாகாது. ஆடியில் யாரும் குடிபோக மாட்டார்கள் என்பதால் காலி வீடுகள் அப்படியே இருக்கும், வாடகையில் பேசிக் குறைக்கவும் முடியும். அந்த மாதம் பார்த்து வைத்து, ஆவணி பிறந்ததும் பால் காய்ச்சட்டும். முன்னாலேயே வீடு அமைந்துவிட்டால் ஆடிப்பெருக்கு அன்று காய்ச்சலாமா என்று மாமியாரையே கேளுங்கள். நம் காவிரிக் கரையில் அந்த நாளை யாரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள்.

வீட்டை நேரில் பார்க்காமல் டோக்கன் என்று 5,000கூட ஜிபேயில் போடக் கூடாது என்று மகளிடம் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள். அட்வான்ஸ் உரிமையாளரின் பேங்க் கணக்குக்கே போகட்டும், தரகர் கைக்கு வேண்டாம். சாவி வாங்கும் அன்று சுவரில் விரிசல், உடைந்த ஸ்விட்ச், ஒழுகும் குழாய் எல்லாவற்றையும் போனில் வீடியோ எடுத்து அன்றைக்கே உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடட்டும். காலி செய்யும்போது அட்வான்ஸில் கை வைக்க அவருக்குக் காரணம் கிடைக்காது.