கரிசலுக்குச் சாட்சி மூன்று (குழி, ஆய்வுக்கூடம், வானிலைப் பதிவேடு): வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் கரிசல் காட்டுக்கு மண்வள அட்டை ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கிறேன். இருந்தும், அண்மையில் மண் ஆய்வுக்கு வந்தவர்கள் ஆளுயரத்துக்குக் குழி வெட்டி, அதன் சுவரில் அமிலம் ஊற்றி, வண்ணப் புத்தகம் ஒன்றை வைத்து நிறம் பார்த்துவிட்டுப் போனார்கள். அட்டையில் இல்லாத எதைக் குழிக்குள் தேடுகிறார்கள்?
— கோவில்பட்டி வட்டத்திலிருந்து ஒரு வாசகர்

பதில்: உங்கள் கையில் இருப்பது உரம் இடுவதற்கான அட்டை. 2015ஆம் ஆண்டு தொடங்கிய அந்தத் திட்டத்தில், மேல்மண்ணை 15 செ.மீ. ஆழம் வரை சீவி எடுத்து, தழை, மணி, சாம்பல் சத்துகள், கந்தகம், நுண்ணூட்டங்கள், கரிமக் கார்பன், உப்பு, கார அமில நிலை என 12 அளவுகளைப் பார்க்கிறார்கள். மானாவாரி நிலமாக இருந்தால் 10 ஹெக்டேருக்கு ஒரு மாதிரி என்பது அதன் கணக்கு. இந்த ஆண்டு எவ்வளவு உரம் இடலாம் என்பதற்கு அது போதும். ஆனால் பருத்தியின் ஆணிவேர் 15 செ.மீ.யில் நின்றுவிடுவதில்லை, மண்ணின் குணமும் அந்த ஆழத்தோடு முடிந்துவிடுவதில்லை.

குழிக்குள் இறங்கியவர் முதலில் வெயில் படும் சுவரைக் கத்தியால் கொத்திப் புதுமுகமாக்குவார். பிறகு நிறம், கட்டமைப்பு, கடினம், வேர், கல் ஆகியவை எந்தெந்த ஆழத்தில் மாறுகின்றன என்று பார்த்து அடுக்குகளைப் பிரிப்பார். ஈர மண்கட்டியை, நிறங்களுக்குக் குறியீடு தரும் மன்செல் வண்ணப் புத்தகத்தின் துளைக்குப் பின்னால் பிடித்து ஒப்பிட்டு, '10 ஒய்ஆர் 3/1' என்பதுபோல ஒரு குறியீட்டை எழுதிக்கொள்வார். 'கறுப்பு', 'கருஞ்சாம்பல்' என்று ஆளுக்கொரு விதமாக எழுதினால் இரண்டு ஊர்களின் மண்ணை ஒப்பிடவே முடியாது என்பதால்தான் அந்தப் புத்தகம். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் பட்டதும் சுவர் நுரைத்தால் அங்கே சுண்ணாம்பு இருக்கிறது என்று பொருள். எந்த ஆழத்தில் நுரைக்கிறது, எவ்வளவு வேகமாக நுரைக்கிறது, சுக்கான்கல் உருண்டைகள் எங்கே தொடங்குகின்றன என்பதெல்லாம் பதிவாகும்.

கரிசலில் அவர் முக்கியமாகத் தேடுவது வழுக்குப் பரப்புகளை. பெரும்பாலும் அரை மீட்டர் ஆழத்துக்குக் கீழே, ஒரு மண்பாளத்தைப் பெயர்த்தெடுத்தால், அதன் ஒரு முகம் எண்ணெய் பூசியதுபோலப் பளபளக்கும். அதில் ஒரே திசையில் மெல்லிய கீறல்கள் ஓடும். கோடையில் வெடிப்புகளுக்குள் மேல்மண் உதிர்ந்து விழுகிறது. மழை வந்ததும் மண் ஊதுகிறது. வெடிப்பு பாதி நிரம்பிவிட்டதால் ஊதுவதற்கு இடமில்லை. அழுத்தம் தாங்காமல் ஒரு பாளம் மற்றொன்றின் மேல் சரிந்து நகர்கிறது, உரசிய இடம் மெருகேறுகிறது. கிடைமட்டத்திலிருந்து 10 முதல் 60 பாகை வரை சாய்ந்த இந்த ஆப்பு வடிவப் பாளங்களோ வழுக்குப் பரப்புகளோ முதல் ஒரு மீட்டருக்குள் தொடங்கி 25 செ.மீ. தடிமனுக்காவது இருக்க வேண்டும். மேல் 50 செ.மீ.யில் களி 30 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. வெடிப்புகள் பருவந்தோறும் திறந்து மூட வேண்டும். இந்த மூன்றும் கூடினால்தான் 'வெர்டிசால்' என்ற உலகப் பொதுப் பெயர் அந்த மண்ணுக்குக் கிடைக்கும். இவற்றில் ஒன்றையும் மேல்மண் மாதிரியைக் கொண்டு சொல்ல முடியாது.

கேள்வி: கரிசல் என்பது எரிமலைக் குழம்பிலிருந்து வந்த மண் என்றும், கறுப்பாக இருப்பதால் மக்குச் சத்து நிறைந்தது என்றும் பள்ளியில் படித்தோம். ஆனால் எங்கள் மண்ணின் ஆய்வு முடிவில் கரிமக் கார்பன் அரை விழுக்காட்டுக்கும் குறைவு என்று வந்திருக்கிறது. ஆய்வில் தவறு இருக்குமா?
— விளாத்திகுளத்திலிருந்து ஒரு வாசகி

பதில்: ஆய்வு முடிவு நம்பத் தக்கதே. நம் நாட்டுக் கரிசல்களில் இந்த அளவு வழக்கமானதுதான். மிகச் சிறிதளவு மக்கே களித் துகள்களோடு இறுகப் பிணைந்து மண் முழுவதற்கும் கருநிறம் ஏற்றிவிடுகிறது. நிறத்தைப் பார்த்துச் சத்தை மதிப்பிடுவது கரிசலைப் பொறுத்தவரை நம்மை ஏமாற்றிவிடும். தொழுவுரம் தேவையில்லை என்று கருதி நிறுத்திவிட்டவர்கள் பலர் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

எரிமலைக் கதை மகாராட்டிரத்துத் தக்காணப் பீடபூமிக்குப் பொருந்தும். அங்கே அடியில் இருப்பது, எரிமலைக் குழம்பு உறைந்து உருவான பசால்ட் பாறை. கோவில்பட்டி, விளாத்திகுளம் பகுதியில் எரிமலைக் குழம்பு பரவியதில்லை. இங்கே கரிசலுக்குத் தாய்ப்பாறை பெரும்பாலும் நைஸ் வகைப் பாறைகளும், அவற்றின் சிதைவு தாழ்ந்த இடங்களில் வந்து படிந்ததும்தான். வேறு வேறு பாறைகளிலிருந்து ஒரே குணமுள்ள மண் உருவாவதற்குக் காரணம், இரண்டு இடங்களிலும் கால்சியமும் மக்னீசியமும் சிலிக்காவும் முழுவதும் கழுவிச் செல்லப்படாமல் தேங்கி, ஸ்மெக்டைட் என்ற ஊதும் களிக்கனிமம் பெருகியதே.

அந்தக் கனிமம் இருக்கிறதா என்பதை ஆய்வுக்கூடம்தான் சொல்ல வேண்டும். முதலில் மண்ணிலுள்ள மக்கை ஹைட்ரஜன் பெராக்சைடு கொண்டு நீக்கி, துகள்களை ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரித்து, உயரமான கண்ணாடிக் குடுவையில் கலக்கி நிறுத்துகிறார்கள். மணல் உடனே இறங்கிவிடும், வண்டல் மெதுவாக இறங்கும், 0.002 மி.மீ.க்கும் சிறிய களி நீரிலேயே தொங்கிக்கொண்டிருக்கும். 10 செ.மீ. ஆழத்திலிருந்து களியை மட்டும் உறிஞ்சியெடுக்க, நீர் 20 டிகிரி வெப்பத்தில் இருந்தால் 8 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகவும், 30 டிகிரியில் இருந்தால் 6 மணி நேரத்துக்குச் சற்று மேலாகவும் காத்திருக்க வேண்டும். வெப்பத்தைக் குறித்துக்கொள்ளாமல் கடிகாரத்தை மட்டும் பார்த்தால் களியின் அளவு பிழையாகிவிடும்.

பிரித்தெடுத்த களியை எக்ஸ் கதிரின்கீழ் வைத்துப் பார்ப்பது அடுத்த படி. எத்திலீன் கிளைக்காலில் ஊறவைத்த ஸ்மெக்டைட்டின் அடுக்குகள் ஏறத்தாழ 17 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு) இடைவெளிக்கு விரியும். ஊதாத களிக்கனிமமான கயோலினைட் 7 ஆங்ஸ்ட்ராமிலேயே அசையாமல் நிற்கும். பக்கத்துச் செவல்காட்டு மண் வெடிக்காமல் இருப்பதற்கு இந்த வேறுபாடு ஒரு முதன்மையான காரணம். ஊதும் அளவை நேரடியாகவும் அளக்கலாம். ஈரத்தில் 10 செ.மீ. நீளமிருந்த மண்கட்டி காய்ந்தபின் 9 செ.மீ. ஆனால், குறைந்த 1 செ.மீ.யைக் காய்ந்த நீளமான 9ஆல் வகுக்கக் கிடைக்கும் 0.11 அதன் நீட்சிக் கெழு. வீட்டுச் சுவரில் விரிசல் விடுவதற்குக்கூட இந்த எண் போதுமான எச்சரிக்கை.

ஆழம் கூடக் கூடச் சோடியம் கூடுகிறதா என்பதையும் கேட்டு வாங்குங்கள். வறண்ட பகுதிக் கரிசல்களில் மேலே கார அமில நிலை (pH) அளவோடு இருந்து, அடிமண்ணில் 8.5க்கு மேல் போவது உண்டு. கால்சியம் சுண்ணாம்பாகப் படிந்துவிட, சோடியம் களியோடு ஒட்டி, நீர் இறங்கும் துளைகளை அடைத்துவிடுகிறது. மேலே பயிர் வாடும்போது 'மழை போதவில்லை' என்று எண்ணிக்கொள்கிறோம். பெய்த மழையே கீழே இறங்காமல் போயிருக்கக் கூடும்.

கேள்வி: மண்ணுக்குப் பெயர் வைக்க மழைப் பதிவேடு எதற்கு? மண் தரையில் இருக்கிறது, மழை வானத்திலிருந்து வருகிறது.
— அருப்புக்கோட்டையிலிருந்து ஒரு மாணவர்

பதில்: அமெரிக்க வேளாண் துறை 1975இல் வெளியிட்டு, நம் நாட்டிலும் பின்பற்றப்படும் மண் வகைப்பாட்டில், மண்ணின் ஈரநிலையும் வெப்பநிலையும் மண்ணின் பண்புகளாகவே கொள்ளப்படுகின்றன. ஒரே களியும் ஒரே கனிமமும் கொண்ட கரிசல், மழை மிகுந்த நாட்டில் ஒரு பெயரும், பாலையோரத்தில் வேறொரு பெயரும் பெறும். ஏனெனில் அங்கங்கே அது நடந்துகொள்ளும் விதம் வேறு. ஆண்டில் மொத்தம் 90 நாளுக்குக் குறைவாகவே வெடிப்பு திறந்திருந்தால் 'யூடர்ட்'. 90 நாளோ அதற்கு மேலோ திறந்திருந்து, இடையில் நெடுநாள் மூடியும் இருந்தால் 'அஸ்டர்ட்'. தொடர்ந்து 60 நாள்கூட மூடியிருக்காவிட்டால் 'டாரர்ட்'.

ஆண்டு முழுவதும் ஒருவர் வயலில் நின்று வெடிப்பைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஆகவே மழைமானியின் பல்லாண்டுப் பதிவையும் வெப்பப் பதிவையும் எடுத்து, காலநிலை ஆய்வாளர்களான தார்ன்வெயிட், மேத்தர் இருவரும் 1955இல் வகுத்த முறைப்படி மாதவாரியாக நீரின் வரவுசெலவு போடுகிறார்கள். கோவில்பட்டியை எடுத்துக்கொள்வோம். ஆண்டு மழை சராசரியாக 700 முதல் 750 மி.மீ.; அதில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில் வருகிறது. வெயிலும் காற்றும் இழுத்துக்கொள்ளக்கூடிய நீரோ ஆண்டு மழையைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். ஐப்பசி, கார்த்திகையை ஒட்டி மட்டுமே வரவு செலவை மிஞ்சுகிறது. அந்த மிச்சத்தை ஆழமான கரிசல் தனக்குள் பிடித்துவைத்து, ஒரு மீட்டர் ஆழத்தில் ஏறத்தாழ 150 முதல் 200 மி.மீ. வரை பயிருக்குக் கொடுக்கிறது. மார்கழிக்குப் பிறகு மழையில்லாமலே கொண்டைக்கடலையும் பருத்தியும் காய்ப்பது இந்த இருப்பை வைத்துத்தான். இருப்பு தீர்ந்ததும் வெடிப்பு திறக்கிறது. இங்கே அது 90 நாளை எளிதில் தாண்டும் என்பதால் நம் கரிசல் 'அஸ்டர்ட்'.

வெப்பப் பதிவிலிருந்து இன்னொரு சொல் சேர்கிறது. 50 செ.மீ. ஆழத்தில் ஆண்டுச் சராசரி 22 டிகிரியோ அதற்கு மேலோ இருந்து, கோடைக்கும் குளிருக்கும் வேறுபாடு 6 டிகிரிக்குள் அடங்கினால் 'ஐசோஹைப்பர்தெர்மிக்'. நாகபுரியில் அவ்வளவு சீராக இருக்காது, தென்கோடியில் இருக்கும்.

இங்கே ஒரு நுட்பமும் உண்டு. தக்காணத்துக் கரிசல்களை ஆராய்ந்த இந்திய மண்ணியலாளர்கள் சிலர், இன்றைய வறட்சியில் இவ்வளவு ஸ்மெக்டைட் உருவாக வாய்ப்பில்லை என்றும், முன்பு நிலவிய ஈரமான காலநிலையில் அது உருவாகியிருக்க வேண்டும் என்றும் வாதிடுகிறார்கள். அப்படியானால் பெயரில் இருப்பது இன்றைய மழை. களியில் இருப்பது பழைய மழை. மண்ணியலில் எனக்கு மிகவும் பிடித்த கருத்துகளில் இதுவும் ஒன்று.

கேள்வி: அரசின் மண் வரைபடத்தில் எங்கள் ஊர் முழுவதும் கரிசல் என்றே இருக்கிறது. என் 5 ஏக்கரில் பாதி செவல். எது சரி?
— எட்டயபுரத்திலிருந்து ஒரு வாசகர்

பதில்: இரண்டும் சரி. 1:2,50,000 அளவிலான வரைபடத்தில் உங்கள் 5 ஏக்கர் ஒரு சதுர மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான். அதற்குள் கோடு போட இயலாது. 1:10,000 அளவில் அதே நிலம் 2 சதுர செ.மீ. ஆகிவிடும்; செவல் தனியாகத் தெரியும். மாநில வேளாண் துறையின் மண் ஆய்வுப் பிரிவில் உங்கள் பகுதிக்கு விரிவான வரைபடம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். இல்லாவிட்டால், மேட்டிலிருந்து ஓடையை நோக்கிச் சரிவின் போக்கில் மூன்று இடங்களில் மண்துளைப்பான் இட்டுப் பாருங்கள். பங்குனி, சித்திரையில் வெடிப்பின் அகலத்தையும், கம்பி விட்டு ஆழத்தையும் குறித்துவையுங்கள். கார்த்திகையில் அதே இடங்களில் ஈரம் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று பாருங்கள். ஆய்வுக்கு வருபவரிடம் அந்தக் குறிப்பைக் கொடுத்தால், எங்கே குழி வெட்டுவது என்பதை அவர் அதைக்கொண்டே முடிவு செய்யலாம்.