ஒரே வயலில் இரண்டு குழி

கேள்வி: அமெரிக்காவில் கணினி ஆராய்ச்சியைப் பல அரசுத் துறைகள் தனித்தனியே செய்கின்றனவாமே, பணம் வீணாகாதா? (பெருந்துறை வாசகி)

பதில்: வீணாகாமல் இருக்க வழி வைத்திருக்கிறார்கள். கணினித் துறையில் அமெரிக்கா முன்னணியில் நிற்க, துறைகள் ஒருங்கிணைந்து வேலை செய்யவேண்டும் என்று 1991-ல் உயர்திறன் கணினிச் சட்டம் கொண்டுவந்தார்கள். நாசா, எரிசக்தித் துறை, தேசிய அறிவியல் அறக்கட்டளை எல்லாம் ஒன்றாக உட்கார்ந்து, யார் எதைச் செய்கிறார்கள் என்று பேசிக்கொள்கிறார்கள். பொதுப் பெட்டி கிடையாது. செலவு அவரவர் பட்ஜெட்டில். ஆனால் மொத்தக் கணக்கை ஆண்டுதோறும் ஒரே அறிக்கையாக வெளியிடுகிறார்கள். எனக்குப் பிடித்தது அதுதான்.

அப்படிப் பேசிக்கொள்ளாவிட்டால் என்ன ஆகும்? போன வருடம் எங்கள் மஞ்சள் காட்டில் இரண்டு அலுவலகத்தார் ஒரே மாதத்தில் பரிசோதனைக்கு மண் எடுத்தார்கள். இரண்டு குழிக்கும் நடுவே ஒரு பாத்திதான். இரண்டு பையிலும் ஒரே சர்வே எண். ஒருவர் வந்தது மற்றவருக்குத் தெரியாது. அப்புறம் நானே இருவருக்கும் போன் போட்டுச் சொன்னேன்.