கொழும்புப் பயணமும் ஈட்டுக்குப் போன சங்கிலியும்

கேள்வி: அக்கா, எனக்கு 36 வயது. மாங்குளத்துக்குக் கிட்ட அம்மாவோடு இருக்கிறேன். அரச அலுவலகத்தில் வேலை. கையில் வருவது 61,000 ரூபாய். வீட்டுக்கு 25,000, ஸ்கூட்டி லீசிங்குக்கு 11,500 போனால் மிச்சத்தில் என் செலவு. சின்ன வயதில் இடம்பெயர்ந்து திரிந்ததைத் தவிர நான் எங்கும் போனதில்லை. அதனால் ஒன்றரை வருடமாக மூன்று தடவை தனியாகக் கொழும்பு போய் வந்தேன். மூன்று நாள்தான். கடற்கரை, நூதனசாலை, புத்தகக் கடை, ஒரு படம். ஆனால் ஒவ்வொரு முறையும் சங்கிலியை ஈடு வைத்துத்தான் போகிறேன். முதல் இரண்டு தடவை சீட்டுக் காசில் மீட்டேன். கடைசித் தடவை வைத்தது 100,000. ஏழு மாதமாகியும் எடுக்க முடியவில்லை. வங்கிப் பெடியன் ஒருவர் கடனட்டை எடுங்கோ, பயணத்துக்குப் புள்ளிகள் வரும் என்கிறார். கூட வேலை செய்யும் பிள்ளை மூன்று தவணையில் வாங்கும் செயலியைக் காட்டுகிறாள். எது நல்லது? அல்லது போவதையே நிறுத்தவா? கணக்கு எழுதிய கொப்பியின் படம் அனுப்புகிறேன். (கடிதம் சுருக்கித் தரப்பட்டுள்ளது.)

பதில்:

தங்கச்சி, போவதை நிறுத்த வேண்டாம். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தின் கடைசிக் கேள்வியை வாசிக்கும்போது, அந்தப் பதிலைத்தான் நீங்கள் எதிர்பார்த்து மனதைத் தயார்ப்படுத்தி வைத்திருக்கிறீர்கள் என்று தெரிந்தது.

செலவைக் குறையுங்கள், சேமியுங்கள் என்றெல்லாம் உங்களுக்கு எழுத மாட்டேன். பஸ்ஸில் வாங்கிய தண்ணீர்ப் போத்தல் வரை கொப்பியில் எழுதி வைத்திருப்பவருக்கு அது தேவையில்லை. அந்தக் கொப்பியை நான் வேறுவிதமாகப் பிரித்துப் பார்த்தேன். நீங்கள் கடைசிப் பயணத்தின் செலவு எல்லாவற்றையும் ஒரே பத்தியில் எழுதிக் கூட்டி 96,400 என்று கீழே கோடு போட்டிருக்கிறீர்கள். நான் அதை இரண்டு பத்தியாக்கினேன்.

உங்களுடையது: பஸ் போக வர 5,400. வெள்ளவத்தையில் இரண்டு இரவு அறை 13,000. சாப்பாடு 6,000. ஓட்டோ 4,500. படம், புத்தகம், உங்களுக்கென்று எடுத்த ஒரு சட்டை எல்லாம் 7,000. மொத்தம் 36,000க்குக் கொஞ்சம் குறைவு.

மற்றவர்களுடையது: மச்சாளுக்கு இரண்டு சாறி 14,500. சித்திக்கு ரைஸ் குக்கர் 9,800. அண்ணாவின் பிள்ளைகளுக்குச் சப்பாத்தும் பள்ளிக்கூடப் பையும் 11,200. மாமியின் மகனுக்கு ஃபோன் 21,000. அயலுக்கு இனிப்பு 4,000. மொத்தம் 60,500.

அதில் திரும்பி வந்தது 17,000. சித்தி முழுதாகத் தந்திருக்கிறா, அண்ணா 7,200 தந்திருக்கிறார். மற்றவர்களுக்கு நேராக "பிறகு தருவினம்" என்று பென்சிலால் எழுதியிருக்கிறீர்கள். ஏழு மாதமாகியும் அது பென்சிலிலேயே நிற்கிறது.

சங்கிலியை ஈட்டுக்கு அனுப்பியது பயணமில்லை, இந்தப் பட்டியல். பட்டியல் ஏன் வருகிறது என்பதும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. அம்மா சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள்: "தனியப் போறாய், நாலு பேர் நாலு விதமாக் கதைப்பினம். மச்சாளுக்கு ஏதும் வாங்கிக் குடுத்தா எண்டாலும் அவ வாய் திறக்கமாட்டா." ஒரு பெண் தனியாகப் போய்வர வீட்டாரிடமும் ஊராரிடமும் வாங்கும் அனுமதிக்கு விலை 60,500 ரூபாய். அந்த விலையைத்தான் ஒவ்வொரு தடவையும் நகையை வைத்துக் கட்டி வருகிறீர்கள்.

அம்மாவைக் குறை சொல்லவில்லை. நம்முடைய இடத்தில் இந்தப் பழக்கத்துக்கு வேர் இருக்கிறது. 1990க்குப் பிறகு சவர்க்காரமும் பற்றரியும்கூட அரசாங்கத்தின் பொருளாதாரத் தடையைத் தாண்டித்தான் வன்னிக்குள் வரவேண்டியிருந்தது. 2002ல் யாழ்ப்பாணம் போகும் ஏ9 பாதை திறந்தபோது, கொழும்புக்குப் போகும் ஒருவர் பத்துக் குடும்பத்தின் சாமானைச் சுமந்து வந்தார், அது கடமை. 2006 ஆகஸ்டில் பாதை மறுபடி மூடியபோது, அப்படி வந்த ஒரு டோர்ச் லைட்டின் அருமை எல்லாருக்கும் தெரிந்தது. "கொழும்புக்குப் போறவர் வெறுங்கையோடு வரக்கூடாது" என்பது அந்தக் காலத்தின் நியாயம். இன்று அதே ரைஸ் குக்கர் கிளிநொச்சி டவுனில் கடையில் இருக்கிறது, பழுதென்றால் அங்கேயே கொண்டுபோய்க் கொடுக்கலாம். நீங்கள் அதைக் கொழும்பின் புறக்கோட்டைச் சந்தையில் வாங்கி, 300 கிலோமீற்றர் மடியில் வைத்துக் கொண்டுவந்தீர்கள்.

இன்னொன்றைச் சொல்லவேண்டும், இது காசை விடப் பெரிது. கடைசி நாள் மாலை புறக்கோட்டையில் நடந்ததை இரண்டே வரியில் எழுதிக் கடந்துவிட்டீர்கள். ஒரு கையில் குக்கர் பெட்டி, மற்றக் கையில் சாறிப் பையும் சப்பாத்துப் பையும், தோளில் உங்கள் கைப்பை. யாரோ சிப்பைத் திறப்பது தெரிந்தும் கை விடுபடவில்லை. 2,000 ரூபாயோடு சின்னப் பர்ஸ் போய்விட்டது. அடையாள அட்டை வேறு இடத்தில் இருந்ததால் தப்பியது. போகும்போது இரவு பஸ் விடிய முன்னமே வெள்ளவத்தையில் இறக்கிவிட, லொட்ஜில் நேரத்தோடு உள்ளே விட 1,500 கேட்டார்கள் என்று, ஆறு மணிவரை அங்கத்தைய பெருந்தெருவான காலி வீதியின் பஸ் தரிப்பிடத்தில் தனியாக இருந்தீர்கள். தங்கச்சி, 21,000 ரூபாய் ஃபோனை மாமியின் மகனுக்கு வாங்க முடிந்த நீங்கள், உங்கள் பாதுகாப்புக்கு 1,500 கொடுக்க யோசித்திருக்கிறீர்கள். இதை வாசித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் கடிதத்தை மூடி வைத்தேன்.

தனியாகப் போகும் பெண் காசைக் குறைக்கக் கூடாத இடங்கள் உண்டு. அறை, இருட்டில் போகும் ஓட்டோ, வந்திறங்கும் நேரம். இந்த மூன்றிலும் தாராளமாக இருங்கள். அறை காலி வீதிக்குக் கிட்ட, வரவேற்பில் இரவும் ஆள் இருக்கும் இடமாக இருக்கட்டும். இருட்டினால் செயலியில் ஓட்டோ கூப்பிடுங்கள், கட்டணம் முதலே தெரியும், வண்டி இலக்கத்தைத் தோழிக்கு அனுப்பலாம். பஸ்ஸில் ஆசனம் பதியும்போது பக்கத்து ஆசனமும் பெண்ணுக்குத்தானா என்று கேளுங்கள். நீங்கள் அரச ஊழியர், விடுமுறைக்கு ரயில் வாரண்ட் (இலவசப் பயண அனுமதி) இருக்கிறது. கொப்பியில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை! கிளிநொச்சி ஸ்டேசனிலோ மாங்குளத்திலோ கேட்டு, பகலில் கொழும்பு சேரும் ரயில் ஓடும் நாளாகப் பார்த்துப் புறப்பட்டால் 5,400 மிஞ்சும். நேரத்தோடு அறைக்குள் போகவும், ஓட்டோவுக்கும் அது காணும்.

பயணக் காசுக்கு ஒரு தனிக் கணக்கு திறந்து, அதன் அட்டையை மட்டும் கொண்டுபோங்கள். சம்பளக் கணக்கின் அட்டை வீட்டில் இருக்கட்டும். அட்டை தொலைந்தாலும் போவது அந்தப் பயணத்துக் காசு மட்டும்தான். 1938 பெண்களுக்கான உதவி இலக்கம், 119 பொலிஸ். இரண்டையும் ஃபோனில் மட்டுமில்லாமல் ஒரு துண்டுக் கடுதாசியிலும் எழுதி அடையாள அட்டையோடு வையுங்கள்.

இனி சங்கிலி. ஈட்டுச் சீட்டில் வட்டி ஆண்டுக்கு 18 வீதம் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் 100,000க்கு மாதம் 1,500. ஏழு மாதத்துக்கு 10,500. உங்கள் இரண்டு இரவு அறை வாடகைக்குக் கிட்டத்தட்ட வட்டி வந்துவிட்டது. கொப்பியைப் பார்த்தால் உங்கள் சொந்தச் செலவும் போக மாதம் ஏறத்தாழ 10,000 கையில் மிஞ்சுகிறது. அதை மட்டும் வைத்து மீட்பதென்றால் ஒரு வருடத்துக்கு மேல் ஆகும், அதுவரை பயணம் இல்லை.

மச்சாளின் 14,500உம் ஃபோன் காசு 21,000உம் வந்தால் கதை வேறு. சேர்த்து 35,500. அதில் 10,500 வட்டிக்குப் போக 25,000 முதலில் கழியும். மிச்சம் 75,000. அதன் பிறகு மாதம் 7,000 கட்டினால் சுமார் பன்னிரண்டு மாதத்தில் சங்கிலி வீட்டுக்கு வரும். மிஞ்சும் 3,000ஐ அந்தத் தனிக் கணக்கில் போடுங்கள். பன்னிரண்டு மாதத்தில் 36,000. அதாவது ஒரு முழுப் பயணம். இந்த வருடம் ஒரு தடவை போங்கள். சங்கிலி வந்த பிறகு மாதம் 10,000 முழுதும் மிஞ்சும், அப்போது வருடத்தில் மூன்று தடவை ஈடு இல்லாமல் போகலாம். பகுதியாகக் காசு கட்டுவதை உங்கள் கிளை எப்படி எடுக்கிறது, ஈட்டுச் சீட்டின் தவணை எப்போது முடிகிறது என்பதை நேரில் போய்க் கேளுங்கள். தவணை கடந்த நகை ஏலத்துக்குப் போகும், அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

அண்ணாவின் மிச்சம் 4,000ஐயும் இனிப்புக் காசையும் விட்டுவிடுங்கள். பிள்ளைகளுக்கு அத்தை வாங்கிக் கொடுத்ததாக இருக்கட்டும்.

கடனட்டை வேண்டாம். புள்ளிகள் வரும் என்பது உண்மைதான், ஆனால் புள்ளி சேர்க்கச் செலவு செய்யவேண்டும். குறித்த திகதிக்கு முழுதாகக் கட்டாவிட்டால் வட்டி ஓடும், இயந்திரத்தில் காசாக எடுத்தால் எடுத்த அன்றே வட்டி தொடங்கும். ஏழு மாதமாகச் சங்கிலியை எடுக்க முடியாதவருக்கு அதைக் கொடுக்க நினைப்பவர் உங்கள் கணக்கைப் பார்க்கவில்லை. தவணைச் செயலியில் வட்டி இல்லை என்கிறார்கள், தவணை பிந்தினால் கட்டணம் உண்டு என்பதைக் கீழே சின்ன எழுத்தில் சொல்கிறார்கள். அதைவிட எனக்குப் பயம் வேறு. அது உங்கள் ஃபோனில் இருப்பது தெரிந்தால் அடுத்த பட்டியல் இன்னும் நீளும், கடன் உங்கள் பெயரில் நிற்கும். வீடு வீடாக வந்து கொடுத்த நுண்கடன் வன்னிப் பெண்களை எங்கே கொண்டுபோய் விட்டது என்று நீங்கள் கண்ணால் கண்டவர். 2018ல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்கள் எடுத்த 100,000 ரூபாய் வரையான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கமே அறிவிக்க வேண்டி வந்தது. அப்போது கடன்காரர் படலையில் வந்து நின்றார். இப்போது கைபேசியில் நிற்கிறார்.

பட்டியல் கொடுப்பவர்களுக்கு என்ன சொல்வது? கோபிக்க வேண்டாம், ஒளிக்கவும் வேண்டாம். "வாங்கிக்கொண்டு வாறன், காசை முதல் என்ர கணக்குக்குப் போடுங்கோ. கைப்பைக்குள்ள அடங்கிற சாமான் மட்டும்தான், நான் தனியத் தூக்கவேணும்." இவ்வளவும் போதும். என்னிடம் வரும் ஒட்டுசுட்டான் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி இதையே சொல்லிப் பார்த்தாள். ஒன்பது பேர் கேட்ட இடத்தில் இரண்டு பேர் காசு போட்டார்கள். ஒருவருக்குக் கண்ணாடி பிறேம், மற்றவருக்கு ஒரு பாடப்புத்தகம். இரண்டும் உண்மையிலேயே தேவைப்பட்ட சாமான்கள்.

மச்சாள் முகம் கோணுவா. கோணட்டும். சாறி கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனவ, விலையும் தெரிந்தவ. மாமியின் மகனிடம் கேட்பதுதான் உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும் என்று நினைக்கிறேன், அவர் இன்னும் வேலை தேடுகிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் மாதம் 3,000 படி ஏழு மாதத்துக்குக் கேளுங்கள், அப்படியென்றால் என் கணக்கு கொஞ்சம்தான் பின்னுக்குப் போகும், பரவாயில்லை. அம்மாவோடு மட்டும் கொஞ்சம் ஆறுதலாக இருந்து கதையுங்கள். கொப்பியை விரித்து இரண்டு பத்தியையும் காட்டுங்கள். சங்கிலி எங்கே போனது என்பது அவவுக்கு இன்னும் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தப் பதில் கிடைத்த கிழமையே அதைச் சொல்லிவிடுங்கள். மச்சாளிடம் காசு கேட்கப் போகும்போது அம்மா உங்கள் பக்கம் நிற்க வேண்டும்.