முதல் குழந்தையை வீட்டிலேயே பெற்றுக்கொள்ளலாமா?

(சேலம் மாவட்டத்தில் 33 ஆண்டுகள் கிராம சுகாதார செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: எனக்கு 26 வயது. தலைப்பிரசவம், ஐந்தாம் மாதம் நடக்கிறது. லண்டனில் இருக்கும் என் அக்காவும் முதல் குழந்தையை எதிர்பார்த்திருக்கிறாள். அவள் வீட்டிலேயே பிரசவம் வைத்துக்கொள்ளப் போகிறாள். அங்கே அரசே அதற்கு ஏற்பாடு செய்து தருகிறதாம். இங்கே என் தோழி சென்ற ஆண்டு பிரசவத்துக்குப் போன இடத்தில் அவளுடைய அம்மாவைக்கூட உள்ளே விடவில்லை. எட்டு மணி நேரம் மல்லாக்கப் படுக்க வைத்திருந்தார்கள். வலி தாங்காமல் கத்தியதற்குத் திட்டினார்கள். ஒரு வார்த்தை சொல்லாமல் குழந்தை வரும் வழியைக் கத்தரித்துத் தையல் போட்டார்கள். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. நானும் வீட்டிலேயே பெற்றுக்கொள்ள நினைக்கிறேன். என் மாமியார் இரண்டு பிள்ளைகளையும் வீட்டில்தான் பெற்றாராம். துணைக்கு நான் இருக்கிறேன் என்கிறார். கணவருக்கும் சம்மதம். என்னென்ன தயார் செய்துகொள்ள வேண்டும் அம்மா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஆத்தூர்

பதில்: மகளே, வீட்டில் பிரசவம் பார்க்க என்ன வாங்கி வைப்பது என்று நான் சொல்லப்போவதில்லை. முதல் பிரசவத்தை வீட்டில் வைத்துக்கொள்ளாதே. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசி வரை படிப்பாய் என்ற நம்பிக்கையில். உன் தோழிக்கு நடந்தது அநியாயம். நானும் அதே வேலையைப் பார்த்தவள் என்பதால் அவளிடம் மன்னிப்புக் கேட்கத் தோன்றுகிறது. உன் பயத்தில் நியாயம் இருக்கிறது.

முதலில் அக்காவின் கதையைப் பார்ப்போம். அவள் வீட்டில் பெறப்போகிறாள் என்பது பாதிச் செய்திதான். மீதிப் பாதி, அவள் வீட்டுக்கு வரப்போகிறவர்கள். இங்கிலாந்தில் பயிற்சி பெற்ற மருத்துவச்சிகள் வருவார்கள். குழந்தை பிறக்கும் நேரத்தில் பெரும்பாலும் இருவர் இருப்பார்கள். வலி வலுத்த பிறகு 15 நிமிடத்துக்கு ஒரு முறை குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்பார்கள். முக்கத் தொடங்கிவிட்டால் 5 நிமிடத்துக்கு ஒரு முறை. ரத்தப்போக்கை நிறுத்தும் ஊசியும், மூச்சு விடாத குழந்தைக்குக் காற்று கொடுக்கும் பையும் அவர்கள் கையோடு இருக்கும். எந்த மருத்துவமனைக்கு மாற்றுவது என்பது முன்பே முடிவாகியிருக்கும்.

இவ்வளவும் இருந்தும் என்ன நடக்கிறது தெரியுமா? ஆபத்துக் குறைவு என்று கணிக்கப்பட்ட 64,000-க்கும் அதிகமான பிரசவங்களை அங்கே ஆராய்ந்து 2011-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வீட்டில் பெறத் திட்டமிட்ட முதல் பிரசவக்காரர்களில் 100-க்கு 45 பேரைப் பாதியில் அல்லது பிரசவம் முடிந்த கையோடு மருத்துவமனைக்கு மாற்ற வேண்டியிருந்தது. குழந்தைக்குக் கடுமையான பாதிப்பு ஏற்பட்டது மருத்துவமனையில் 1,000-க்கு 5 என்றால், வீட்டில் 9. இரண்டாவது, மூன்றாவது பிரசவத்தில் இந்த வித்தியாசம் இல்லை. தலைப்பிரசவத்துக்குத்தான். உன் அக்கா இதையெல்லாம் தெரிந்துகொண்டு முடிவெடுத்திருந்தால் அது அவள் உரிமை. அந்த 45 பேரில் ஒருத்தியாக அவள் ஆகிவிட்டாலும் மருத்துவச்சி கூடவே ஆம்புலன்ஸில் ஏறுவாள். உன் வீட்டில் அந்த நேரத்தில் யார் இருப்பார்கள்? பாசமுள்ள மாமியாரும் பதறிப்போன கணவரும். இங்கே வீட்டுக்கு வந்து பிரசவம் பார்த்து, தேவைப்பட்டால் கையோடு அழைத்துப்போகும் அமைப்பு அரசிடம் இல்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நிலைமை வேறு. பாதிப் பிரசவங்களை வீட்டில்தான் பார்த்தேன். 1989, மழைக்காலம். உன் ஊருக்குப் பக்கத்தில், கல்வராயன் மலை அடிவாரத்தில் ஒரு கிராமம். 19 வயதுப் பெண், தலைச்சன் பிள்ளை. ரத்த அழுத்தம் சரியாக இருந்தது, குழந்தையின் தலை கீழே இருந்தது, உடம்பில் ரத்தமும் குறைவில்லை. மாதாமாதம் பார்த்து எழுதியவள் நான். விடியற்காலை மூன்று மணிக்குக் குழந்தை பிறந்து, நன்றாக அழுதது. நஞ்சுக்கொடியும் முழுதாக வந்துவிட்டது. அவளுடைய பாட்டி சேனை வைக்கச் சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அவளுக்கடியில் மடித்துப் போட்டிருந்த பழைய புடவையைப் பார்த்தேன். மேல் மடிப்பு நனைந்திருந்தது. மாற்றினேன். மறுபடி நனைந்தது. பாயின் ஓரத்தில் ஒரு கோடாக வழிந்து சாணம் மெழுகிய தரையில் இறங்கியது. அடிவயிற்றில் கை வைத்தேன். பிள்ளை பெற்ற கருப்பை உரித்த தேங்காய் போலக் கெட்டியாக இருக்க வேண்டும். என் கைக்குத் தட்டுப்பட்டது ஊறிய துணி. பையில் இருந்த ஒரே ஊசியைப் போட்டேன். குழந்தையை மார்பில் பிடிக்கச் சொல்லிவிட்டு வயிற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். ஊரில் தொலைபேசி கிடையாது. முதல் பஸ் ஆறு மணிக்கு. சேகோ ஆலைக்கு மரவள்ளிக்கிழங்கு ஏற்ற வந்து நின்றிருந்த லாரியில் கயிற்றுக் கட்டிலோடு அவளை ஏற்றினோம். ஆத்தூர் போய்ச் சேரும் வரை என் முஷ்டியை அவள் வயிற்றிலிருந்து எடுக்கவில்லை. கணவனும் கொழுந்தனும் ரத்தம் கொடுத்தார்கள். பிழைத்துக்கொண்டாள். இன்று அவளுக்குப் பேரன் இருக்கிறான்.

நிறைமாதத்தில் நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேலாகக் கருப்பைக்கு ரத்தம் பாய்கிறது. நஞ்சுக்கொடி பிரிந்ததும் கருப்பை இறுகினால்தான் அந்த ரத்தக்குழாய்களின் வாய் மூடும். அதற்காகத்தான் பிறந்த ஒரு நிமிடத்துக்குள் தாய்க்கு ஆக்சிடோசின் 10 யூனிட் ஊசி போடுகிறோம். யாருடைய கருப்பை இறுகும், யாருடையது இறுகாது என்று முன்கூட்டிச் சொல்ல 33 ஆண்டுகளில் எனக்கு வரவில்லை. 2018 ஜூலையில் திருப்பூரில் காணொளி பார்த்து வீட்டில் பிரசவம் வைத்துக்கொண்ட ஒரு தாயின் உயிரும் இப்படித்தான் போனது. குழந்தை மட்டும் பிழைத்தது.

உன் மாமியாரிடம் ஒன்று கேட்டுப் பார். அவர் காலத்தில் அந்தத் தெருவில் பிறந்து தங்காத குழந்தைகள் எத்தனை, பிரசவத்தில் போன பெண்கள் யார் யார் என்று. நிச்சயம் யாராவது நினைவுக்கு வருவார்கள். அவர் துணை உனக்குக் கட்டாயம் வேண்டும், ஆனால் அது ஆஸ்பத்திரியில் வேண்டும்.

இப்போது நீ உண்மையில் எதைத் தேடுகிறாய் என்பதற்கு வருகிறேன். பக்கத்தில் உன் மனிதர் ஒருவர். எழுந்து நடக்கும் சுதந்திரம். கேட்காமல் கத்தரிக்காத கை. இவற்றை ஆஸ்பத்திரியிலேயே கேட்டு வாங்க முடியும். தமிழக அரசு மருத்துவமனைகளில் உறவுப் பெண் ஒருவர் பிரசவ அறையில் உடன் இருக்கும் திட்டம் 2004-இலேயே வந்துவிட்டது. எல்லோருக்கும் வழக்கமாகக் கத்தரிப்பது, மழிப்பது, எனிமா கொடுப்பது எதுவும் தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் தெளிவாக எழுதியிருக்கிறது. நடமாடலாம், நின்றும் உட்கார்ந்தும் வலியைத் தாங்கலாம் என்பதும் அதிலேயே இருக்கிறது.

ஏழாம் மாதம் முடிவதற்குள் இரண்டு மூன்று இடங்களுக்கு மாமியாரோடு நேரில் போ. பிரசவ அறையைப் பார்க்கலாமா என்று கேள். அத்தையை உள்ளே விடுவீர்களா, வலி நேரத்தில் நடக்க விடுவீர்களா, எப்போது கத்தரிப்பீர்கள், சிசேரியன் எவ்வளவு ஆகிறது என்று கேள். 2019–21 குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி நம் மாநிலத்தில் 100-க்கு 45 குழந்தைகள் சிசேரியனில் பிறக்கின்றன. அரசு மருத்துவமனைகளில் 36, தனியாரில் 64. ஆகவே இது கேட்க வேண்டிய கேள்விதான். கேள்வி கேட்டதற்கே முகம் சுளிக்கும் இடம் உனக்கு வேண்டாம். நான் கடைசியாக வேலை பார்த்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு பெண் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே முக்கால்வாசி வலியையும் கடந்தாள். அவள் அம்மா பின்னால் நின்று இடுப்பைத் தேய்த்துவிட்டுக்கொண்டே இருந்தார். தையல் இல்லை. தொப்புள்கொடியின் துடிப்பு நிற்கும் வரை குழந்தை அவள் மார்பிலேயே கிடந்தது.

இன்னொன்று. உனக்குப் பிடித்த வீட்டை முழுதாக விட்டுவிட வேண்டியதில்லை. முதல் பிரசவத்தில் வலி தொடங்கியதிலிருந்து பிறக்கும் வரை 12 மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். ஆரம்ப மணி நேரங்களை வீட்டிலேயே கழி. வெந்நீரில் குளி, ரசம் சாதம் சாப்பிடு, முற்றத்தில் நட. சீரகத் தண்ணீரும் வெந்நீர்க் குளியலும் முடிந்ததும் வலி அடங்கிவிட்டால் அது சூட்டு வலி, பிரசவ வலி இல்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை, ஒவ்வொன்றும் முக்கால் நிமிடத்துக்குக் குறையாமல், ஒரு மணி நேரம் தொடர்ந்து வந்தால் கிளம்பிவிடு. தூரம் அதிகம் என்றால் அதற்கும் முன்னால் கிளம்பு. பனிக்குடம் உடைந்தாலோ, நீர் பச்சையாக இருந்தாலோ, ரத்தம் பட்டாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ, தலைவலியோடு கண் மங்கினாலோ வலிக்காகக் காத்திருக்காமல் 108-ஐ அழை.

எந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தாய் என்று எனக்கு எழுது. அங்கே என்ன கேட்டாய், என்ன பதில் சொன்னார்கள் என்பதையும் எழுது.

கேள்வி: அடுத்த மாதம் என் மனைவிக்குப் பிரசவம். எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் ஆண்களை உள்ளே விடுவதில்லை. வெளியே நிற்பதைத் தவிர நான் செய்யக்கூடியது எதுவும் உண்டா?
— ஒரு கணவர், நாமக்கல்

பதில்: நிறைய உண்டு தம்பி. வலி வந்த நேரத்தையும் விட்ட நேரத்தையும் ஒரு தாளில் நீங்கள் குறித்துக்கொண்டே வந்தால், உள்ளே போனதும் செவிலியருக்கு அது பெரிய உதவி. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் இரவு நேரத்தில் ஒரு முறை வண்டியில் போய்ப் பாருங்கள். ரயில்வே கேட் எப்போது மூடுகிறது, எந்தச் சாலையைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள் என்று அப்போதுதான் தெரியும். மனைவியின் கர்ப்பப் பதிவு எண் எழுதிய அட்டையை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். பிறப்புச் சான்றிதழுக்கு அது வேண்டும். பழைய வேட்டி ஒன்றைக் கிழித்துத் துவைத்து வெயிலில் காயவைத்து எடுத்து வையுங்கள். குழந்தையைத் துடைத்துச் சுற்ற அதைவிட மென்மையான துணி கிடையாது. உள்ளே அவர் அம்மா இருக்கட்டும். நீங்கள் கதவுக்குப் பக்கத்திலேயே இருங்கள், கையெழுத்துக்கோ ரத்தத்துக்கோ கூப்பிட்டால் உடனே வரும்படி. ரத்தம் கொடுக்கக்கூடிய இரண்டு பேரிடம் இப்போதே சொல்லி வையுங்கள். உங்கள் மனைவியின் ரத்த வகை என்ன என்று கடிதத்தில் எழுதவில்லை. நெகட்டிவ் என்றால் குழந்தையின் ரத்த வகையைப் பார்த்துவிட்டு, பிறந்த 72 மணி நேரத்துக்குள் தாய்க்கு ஓர் ஊசி போட வேண்டியிருக்கும். இன்றைக்கே அட்டையை எடுத்துப் பாருங்கள்.