கேள்வி – பதில்: கோடு, சொல், இடம்

கே: ஒரு கண்காட்சியில், அச்சடித்த வரைபடத்தின் மேல் கோடு ஒன்றை இழுத்து, கீழே நாலு வார்த்தை எழுதி மாட்டியிருந்தார்கள். இதில் கலை எங்கே இருக்கிறது?

ப: கோடு யார் வேண்டுமானாலும் போடலாம், சரி. அந்தக் கோட்டை வைத்து அந்த ஆள் என்ன செய்தார் என்று கேட்டுப் பாருங்கள். பிரிட்டிஷ் கலைஞர் ரிச்சர்ட் லாங் 1968இல் இங்கிலாந்தின் எக்ஸ்மூர் என்ற மேட்டுநிலப் பகுதியின் வரைபடத்தில் பத்து மைலுக்கு நேர்கோடு போட்டு, அந்தக் கோட்டிலேயே நடந்தார். ஜப்பானியக் கலைஞர் ஆன் கவாரா 1968 முதல் 1979 வரை, தான் அன்றன்று போய்வந்த வழியை வரைபட நகலில் சிவப்புப் பேனாவால் குறித்துத் தேதி முத்திரை குத்தி வைத்தார்.

எனக்கு மிகவும் பிடித்தவர் அச்சுக்கலைஞர் ஜரீனா ஹாஷ்மி. 1937இல் அலிகாரில் பிறந்தவர். பிரிவினைக்குப் பின் குடும்பம் பாகிஸ்தானுக்குப் போய்விட, அவர் நாடு நாடாக வாழ்ந்தார். 2001இல் இந்திய-பாகிஸ்தான் எல்லையை மட்டும் மர அச்சில், அதாவது மரப்பலகையைச் செதுக்கி மை தடவித் தாளில் பதிக்கும் முறையில், எடுத்தார். வெளிர் தாளில் வளைந்து நெளிந்து இறங்கும் ஒரு கறுப்புக் கோடு, அவ்வளவுதான். ஆனால் மர அச்சில் மேடாக நிற்கும் பகுதிதான் மை பிடிக்கும். கோடு கறுப்பாக விழ வேண்டுமென்றால், அதற்கு இருபுறமும் உள்ளதைச் செதுக்கி எடுத்தாக வேண்டும். எல்லை நிற்பதற்காக நிலம் போகிறது! இதை உணர்ந்தபின் அந்தப் படத்தை என்னால் சும்மா பார்த்துவிட்டு நகர முடிவதில்லை.

அவருடைய 1999ஆம் ஆண்டுத் தொகுப்பு ஒன்றில் 36 அச்சுகள், ஒவ்வொன்றிலும் ஓர் உருதுச் சொல். ‘வீடு’ என்ற சொல்லோடு இருப்பது ஒரு வீட்டின் தரைப்படம், அதாவது அறைகளின் அமைப்பை மேலிருந்து பார்ப்பதுபோல் காட்டும் கோட்டுப்படம்.

கே: படமே பேசட்டுமே, எழுத்து எதற்கு?

ப: எழுத்தை எடுத்துவிட்டால் சில படைப்புகளே இல்லாமல் போய்விடும். பிரிட்டிஷ் கலைஞர்கள் டெர்ரி அட்கின்சனும் மைக்கேல் பால்ட்வினும் 1967இல் செய்த ஒரு வரைபடத்தில் அயோவா, கென்டக்கி என்ற இரண்டு அமெரிக்க மாநிலங்கள் மட்டும்தான் தெரியும். சுற்றிலும் வெற்றுத்தாள். அடியில், காட்டாமல் விட்ட இடங்களின் நீண்ட பட்டியல்: கனடா, ஒன்டாரியோ, கியூபெக் என்று போகும். ஒவ்வொரு பெயரையும் படிக்கப் படிக்க, அது இருக்க வேண்டிய இடத்தை நம் கண் அந்த வெள்ளைத்தாளில் தேடிப் போகிறது.