தூக்க மாத்திரை விஷத்துக்கு ஊக்க மருந்து முறிவா?

“தூக்க மாத்திரை அதிகமாகிவிட்டால், எழுப்பிவிடும் ஊசி ஒன்று போதாதா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

அப்படித்தான் ஒரு காலத்தில் செய்தார்கள். சென்னை நாட்டு மருந்துக் கடைக்காரர்களுக்குத் தெரிந்த காக்காய்க்கொல்லி விதையிலிருந்து எடுத்த பிக்ரோடாக்சின் என்ற ஊக்க மருந்தை, 1930களில் பார்பிட்யூரேட் என்ற பழைய வகைத் தூக்க மாத்திரையின் விஷத்துக்கு முறிவாகக் கொடுத்தார்கள். பார்பிட்யூரேட், மூளையை அடக்கும் காபா (GABA) என்ற மூளை ரசாயனத்தின் வேலையைக் கூட்டும்; பிக்ரோடாக்சின் அதைத் தடுக்கும். கணக்கு சரிதான். ஆனால் அளவு கொஞ்சம் மிஞ்சினாலே வலிப்பு வந்துவிடும். அப்புறம் மூச்சு இன்னும் மோசமாகும்.

1940களின் கடைசியில் டென்மார்க்கின் கோபன்ஹேகன் மருத்துவர்கள் ஊக்க மருந்தையே கைவிட்டு, மூச்சையும் ரத்த அழுத்தத்தையும் மட்டும் காத்தார்கள். இறப்பு வெகுவாகக் குறைந்தது. இன்றும் அடிப்படை அதுதான்.

தயவுசெய்து வீட்டில் காபி புகட்டாதீர்கள், புரையேறும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108ஐ அழையுங்கள். காலி மாத்திரை அட்டையையும் எடுத்துப்போங்கள்.